திரு. ஸ்தோத்திரம் ஆஜராகவில்லை

டெக்சஸில் வருமான வரி கிடையாது. இதை அங்கே யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, கேட்காமலே சொல்லிவிடுவார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் சொல்வார்கள், முடி வெட்டும் இடத்தில் சொல்வார்கள். சவ அடக்கத்தில்கூட, போனவரின் நற்குணங்களைப் பேசி முடித்த பிறகு, காப்பி குடிக்கும் நேரத்தில் ஒருவர் சொல்லிவிடுவார்.

ஹார்ட்ஸ்வெல் கவுண்டி என்கிற மாவட்டத்தில் மட்டும் இதற்கு மேல் ஓர் ஏற்பாடு இருந்தது. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், தாங்கள் வருமான வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதிக்குள் எழுத்து மூலம் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு படிவம். படிவத்துக்கு ஓர் அலுவலகம். வரியின்மை உறுதி அலுவலகம் என்று பெயர். நாற்பத்தொரு பேர் அங்கே வேலை செய்தார்கள். எல்லாருமே பிஸி.

வெர்லீன் டிட்வெல்லுக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் விட்டுப்போன இரட்டை வீடு ஒன்று அவளுக்கு இருந்தது: நடுவில் ஒரே சுவர், இரண்டு வாசல், ஒரே கூரை. ஒரு பாதியில் அவள் இருந்தாள். மறுபாதியில் நெல்டா கந்தூ வாடகைக்கு இருந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் மாடுகளுக்கு ஊசி போடுகிறவள், அதே துணிச்சலோடு மனிதர்களிடமும் பேசுகிறவள். வக்கீல் ஒருவர் சொன்ன யோசனைப்படி வீடு ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது. கம்பெனிக்கு ஒரே பங்குதாரர், வெர்லீன்.

வெர்லீன் ஒழுங்கானவள். வருகிற கடிதத்தில் வந்த தேதியை எழுதுவாள். போகிற கடிதத்துக்கு நகல் எடுப்பாள். பதினோரு வருஷமாக இந்தப் படிவத்தைத் தவறாமல் அனுப்பியிருக்கிறாள். ‘செலுத்த வேண்டிய வரி’ என்ற இடத்தில் பதினோரு வருஷமும் ஒரே பதிலைத்தான் எழுதினாள்: ‘ஒன்றுமில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.’ வேறு எப்படி எழுதுவது? அவளை ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். படிவத்தைப் படித்த வயதான குமாஸ்தாவும் அதே ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர். படித்துவிட்டு முத்திரை குத்துவார்.

பன்னிரண்டாம் வருஷம் படிவத்தை எளிமைப்படுத்தினார்கள். இரண்டு பக்கமாக இருந்தது ஆறு பக்கமாயிற்று. கோடு போட்ட இடங்களெல்லாம் கட்டங்களாயின. குமாஸ்தா ஓய்வு பெற்றார். அவருக்குப் பதிலாகப் படிவத்தைப் படிக்க ஓர் இயந்திரம் வந்தது. வெர்லீன் பிப்ரவரி இருபதாம் தேதி வழக்கமான பதிலை எழுதினாள். ‘ஒன்றுமில்லை’ ஒன்பதாம் கட்டத்தில் அடங்கியது. மீதி பத்தாம் கட்டத்தில் போய் விழுந்தது. பத்தாம் கட்டம், ‘இதர பங்குதாரரின் பெயர்’.

மார்ச் ஐந்தாம் தேதி ஒரு கடிதம் வந்தது. உறையில் ‘திரு. ஸ்தோத்திரம், கர்த்தருக்கு’ என்று, குடும்பப் பெயர் முதலில் வருகிற அரசாங்க முறைப்படி, அச்சடித்திருந்தது. வெர்லீன் உறையைப் புரட்டிப் பார்த்தாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. யாரோ வெளிநாட்டுக்காரர் போலிருக்கிறது என்று நினைத்து, உறையின் மேல் தெளிவான கையெழுத்தில், ‘இப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை. எப்போதும் இருந்ததில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். வழக்கம்போல உறையை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி பிற்பகல் ஆலங்கட்டி மழை கொட்டியது. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. ஏழு நிமிஷத்தில் கூரை சல்லடையாகிவிட்டது. நெல்டாவின் படுக்கைக்கு நேர் மேலே மூன்று ஓட்டைகள்.

சீடர் ஃபோர்க் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த ஆள் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான். “கூரை மொத்தமும் மாத்தணும் மேடம். நாங்க குடுத்துடுவோம். உங்க கம்பெனி நல்லபடியா நடக்குதுன்னு கவுண்டியில ஒரு சான்றிதழ் தருவாங்க. நல்ல நிலைச் சான்றிதழ். அது ஒண்ணு மட்டும் வாங்கி அனுப்பிடுங்க.”

“அதுக்கு எத்தன நாள் ஆகும்?”

“அஞ்சு நிமிஷம்” என்றான், அந்த அலுவலகத்துக்குள் ஒருபோதும் போயிராத அந்தப் பிள்ளை.

கூரையின் மேல் நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்துக் கட்டினார்கள். நெல்டா கட்டிலைச் சமையலறைக்கு நகர்த்தினாள். “மிஸ் வெர்லீன், நான் இப்ப ஃபிரிட்ஜப் பாத்துக்கிட்டே தூங்குறேன். ரெண்டு கிலோ ஏறிட்டேன். அக்டோபர் மழைக்குள்ள கூரை வரலேன்னா நான் லபக் ஊர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்” என்றாள். வெர்லீனுக்கு அந்த வாடகைதான் மாதக் கடைசி வாரத்தைத் தாண்ட வைத்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் பதினான்காம் தேதி அவள் பீக்கன் பருப்பு வைத்துச் சுடுகிற இனிப்புப் பலகாரமான பீக்கன் பை ஒன்று செய்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே, ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி, ஏசி. சுவர் முழுக்க ஒரு வாசகம்: ‘இங்கே வருமான வரி இல்லை. தயவுசெய்து எண் அட்டை எடுக்கவும்.’

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். “உங்க பக்கம் ஒரு குறையும் இல்ல மேடம். உங்க பார்ட்னர்தான் இன்னும் படிவம் குடுக்கல.”

“எனக்குப் பார்ட்னரே கிடையாதே.”

“இருக்காரே. திரு. ஸ்தோத்திரம்.”

வெர்லீனுக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தாள். “அது பேரு இல்லம்மா. கடவுளுக்கு நன்றின்னு எழுதினேன். வரி இல்லேங்கிறதுக்கு நன்றி.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “அப்ப பேரத் தப்பா குடுத்திருக்கீங்க. பேர்த் திருத்தத்துக்குத் தனிப் படிவம் இருக்கு.” விசைப்பலகையில் தட்டினாள். “அது மட்டுமில்ல. அவருக்குப் போன கடிதம் திரும்பி வந்திருக்கு. அந்த வீட்டுல அவரு எப்பவுமே இருந்ததில்லேன்னு யாரோ கைப்பட எழுதியிருக்காங்க.”

எழுதியவள் வெர்லீன்தான்; ஆண்டவர் தன் வீட்டில் இருந்ததே இல்லை என்று. கணவர் இறந்த அன்றுகூட அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“பீக்கன் பை கொண்டு வந்திருக்கேன்” என்றாள் பலவீனமாக.

“எத்தன துண்டு மேடம்? நாலுக்கு மேலன்னா நான் அன்பளிப்புப் படிவம் பூர்த்தி செய்யணும்.”

அலுவலகத்தின் தலைவர் கார்லன் ஃபிப்ஸ், மூன்றாவது முறை போனபோதுதான் பார்க்கக் கிடைத்தார். பெரிய பெல்ட் பக்கிளும் சிறிய கண்களும் உள்ளவர். நாற்காலியைக் காட்டினார்.

“மேடம், வரி வாங்குற மாநிலத்துல அதிகாரியா இருக்கிறது சுலபம். வாங்குவான், எண்ணுவான், வீட்டுக்குப் போவான். இங்க அப்படி இல்ல. நாங்க வாங்குறதில்ல. வாங்கலேங்கிறத நிரூபிக்கணும். இல்லாத ஒண்ண நிரூபிக்கிறதுக்கு எவ்வளவு ஆள் வேணும் தெரியுமா? நாப்பத்தொரு பேரு போதல. அறுபது கேட்டிருக்கேன்.”

“அவங்களுக்கெல்லாம் சம்பளம் எதுலேருந்து வருதுங்க?”

“உங்க வீட்டு வரியிலேருந்து” என்றார் ஃபிப்ஸ் பெருமையாக. “வருமான வரியில கைய வைக்கிறதே இல்ல.”

வெர்லீன் நடந்ததை முதலிலிருந்து விளக்கினாள். ஃபிப்ஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாதவர்.

“புரியுது மேடம். தனிப்பட்ட முறையில எனக்கு அவரத் தெரியும். ஆனா இந்த நாற்காலியில உக்காந்தா, ஆவணத்துல என்ன இருக்கோ அதுதான் தெரியும். ஆவணத்துல அவரு பார்ட்னர். பார்ட்னர் கையெழுத்துப் போட முடியலேன்னா அவரு சார்பா யாராவது போடலாம். அவருக்கு இந்த ஊர்ல அதிகாரம் பெற்ற ஆள் யாரும் உண்டா?”

அப்படித்தான் மே மாதம் ஒரு புதன்கிழமை, ஜெபக்கூட்டத்துச் சாப்பாடு முடிந்து மேஜைகளை மடக்கிக்கொண்டிருக்கையில், வெர்லீன் போதகர் டாய்லிடம் போனாள்.

“பிரதர் டாய்ல், ஒரே ஒரு கையெழுத்து. அவரு யாருக்கும் வருமான வரி பாக்கி இல்லேன்னு.”

“சிஸ்டர் வெர்லீன், நான் அவருக்காகப் பேசுவேன். கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் பேசுறீங்களே!”

“பேச்சு வேற. அதுக்கு யாரும் அத்தாட்சி கேக்கிறதில்ல.” போதகர் குரலைத் தாழ்த்தினார். “நம்ம சபைக்கு வரிவிலக்கு இருக்கு. நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு அவங்க சபைக் கணக்கத் தோண்டுனா? போன வருஷம் பார்க்கிங் இடத்த ஃபுட்பால் மேட்சுக்கு வாடகைக்கு விட்டோமே, ஞாபகம் இருக்கா? வேணும்னா ஒரு நல்ல கடிதம் தரேன். அவரப் பத்தி உயர்வா நாலு வரி.”

உயர்வாகவே எழுதினார். வானமும் பூமியும், அதில் உள்ள மாடும் எண்ணெய்க் கிணறும், எல்லாமே அவருடையது. அவர் இல்லாத இடமே இல்லை என்று சபையின் கடிதத் தாளில், முத்திரையோடு. வெர்லீன் படித்துக் கண் கலங்கினாள். நகல் எடுத்து, அசலை அலுவலகத்தில் கொடுத்தாள்.

ஜூன் மாதம் ஃபிப்ஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கடிதத்தில் சில வரிகளின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

“இது நிலைமைய மோசமாக்கிடுச்சு மேடம். கம்பெனி வரின்னு ஒண்ணு இருக்கு, அது வருமான வரி இல்ல, வேற. உங்க வாடகை வருமானம் மட்டும்னா வரம்புக்குள்ள இருக்கீங்க, அதுவும் கிடையாது. ஆனா பார்ட்னர் வருமானத்தையும் சேத்துத்தான் பாக்கணும். பதினேழாம் கட்டம்: ‘எங்கெங்கும் கிடைத்த மொத்த வருவாய்.’ எல்லாமே அவருதுன்னு உங்க போதகரே எழுத்து மூலமா குடுத்திருக்காரு. எல்லாமேன்னா எண்ணெய்க் கிணறும் சேத்திதானே? அவரு இல்லாத இடமில்லேன்னா வெளி மாநிலத்துலயும் தொழில் நடக்குதுன்னு ஆகுது.”

“ஐயா, அவருக்கு வருமானம்னு என்ன இருக்கு?”

“காணிக்கை இருக்கே. நானே வாராவாரம் போடுறேன். ரசீது வச்சிருக்கேன்.”

வெர்லீன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு அதெல்லாம் வேணாம். எனக்குக் கூரை வேணும். நெல்டா அடுப்புக்குப் பக்கத்துல படுத்திருக்கா.”

ஃபிப்ஸுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் அவர் ஒரு படிவத்தை எடுப்பார். “ஒரு வழி இருக்கு. விசாரணை வச்சு அவர நீக்கிடலாம். மூணு தடவ கூப்பிடுவோம். வரலேன்னா இந்த மாநிலத்துல தொழில் பண்ற உரிமை அவருக்குப் போயிடும். உங்களுக்கு அன்னிக்கே சான்றிதழ். நீங்க ஆட்சேபணை இல்லேன்னு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

விசாரணை ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி. நெல்டா துணைக்கு வந்தாள், கையில் நனைந்த மெத்தையின் போட்டோவோடு. அன்றைக்கு வரியின்மைச் சான்றுக்காக வந்த மற்றவர்களும் வராந்தாவில் எண் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்: தொப்பியை மடியில் வைத்த கிழவர்கள், விசிறிக்கொள்ளும் பெண்கள், எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில் பாதியை வாடகைக்கு விட்டவர்கள்.

சேவகன் கதவைத் திறந்து வெளியே வந்தான். ஆவணத்தில் இருந்த பெயரை, கட்டைக் குரலில் முழங்கினான்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

“ஆமென்” என்றது வராந்தா.

சேவகன் திடுக்கிட்டு உள்ளே பார்த்தான். ஃபிப்ஸ் தொடரும்படி கையைக் காட்டினார்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

“ஆமென்!” இந்த முறை சிலர் எழுந்து நின்றார்கள்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

“ஆமென்! ஆமென்!” கடைசி பெஞ்சில் ஒரு கிழவர் பாட்டே எடுத்துவிட்டார்.

நெல்டா வாயைப் பொத்திக்கொண்டாள். “மிஸ் வெர்லீன், உங்க பிரதர் டாய்லுக்கு இந்த மாதிரிக் கூட்டம் ஈஸ்டருக்குக்கூட வந்ததில்ல.”

சுருக்கெழுத்தாளர் எழுதினார்: ‘மும்முறை அழைத்தும் பங்குதாரர் ஆஜராகவில்லை. வராந்தாவில் பத்தொன்பது பேர் ஆதரவு தெரிவித்தனர். அவர்களில் எவரிடமும் அதிகாரப் பத்திரம் இல்லை.’

ஃபிப்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உத்தரவைப் படித்தார். “நாலாவது பத்தி. மேற்படி நபர் இந்த மாநிலத்துக்குள்ள எந்தச் செயலும் செய்யற உரிமைய, இந்த வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதியிலேருந்து இழக்கிறார்.”

“ஜனவரியிலேருந்தா? இன்னிக்கு ஆகஸ்ட்டு ஆச்சே” என்றாள் நெல்டா.

“எங்க உத்தரவு எப்பவும் பின்னால போயித்தான் புடிக்கும்” என்றார் ஃபிப்ஸ். “இல்லேன்னா அதுக்கு என்ன மரியாதை?” காகிதத்தை வெர்லீன் பக்கம் திருப்பினார். “இங்க ஒரு கையெழுத்து, மேடம். ‘மேற்படி நபருக்கும் இந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.’”

வெர்லீன் அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. நெல்டா போட்டோவை மெல்ல மேஜையில் வைத்தாள். மெத்தையில் பூசணம் பூத்திருந்தது.

“பென்சில்ல போடலாங்களா?” என்று கேட்டாள் வெர்லீன்.

“பேனாதான் மேடம். கறுப்பு மை.”

போட்டாள். சான்றிதழ் ஐந்து நிமிஷத்தில் வந்தது. காப்பீட்டுக்காரப் பிள்ளை சொன்னது அந்த மட்டில் சரிதான். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஆண்டவரே, அது கம்பெனி மட்டுந்தான். நான் இல்ல. கோவிச்சுக்காதீங்க.”

ஒழுங்கானவள் என்று முன்பே சொன்னோம். சான்றிதழை மட்டும் அனுப்பியிருக்கலாம். அவள் உத்தரவின் நகலையும் சேர்த்து அனுப்பினாள். செப்டம்பர் ஆறாம் தேதி சீடர் ஃபோர்க் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. நெல்டா அதை உரக்கப் படித்தாள்.

‘ஆலங்கட்டி மழை எங்கள் பாலிசியில் தெய்வச் செயல் என்ற தலைப்பில் வருகிறது. அதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் நீங்கள் இணைத்துள்ள உத்தரவிலிருந்து, தெய்வம் தங்கள் கம்பெனியின் பங்குதாரராக இருந்தது தெரியவருகிறது. உரிமையாளர் தாமே தம் வீட்டுக்கு விளைவித்த சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.’

நெல்டா கடிதத்தை மேஜையில் போட்டாள். “அவ்வளவுதான். நான் பெட்டியக் கட்டுறேன். ஃபிரிட்ஜுக்கு என் அன்பச் சொல்லுங்க.”

“இரு” என்றாள் வெர்லீன்.

முப்பத்திரண்டு வருஷம் ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள். அடுத்தவர் அளந்த கரண்டியாலேயே அவர்களுக்குத் திருப்பி அளந்து போடத் தெரிந்தவள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள்:

‘அன்புள்ள ஐயா, தங்கள் 6ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. உத்தரவின் நான்காம் பத்தியைப் பார்க்கவும். அந்த நபர் ஜனவரி 1 முதல் என் பங்குதாரர் அல்ல. அன்று முதல் இந்த மாநிலத்தில் எந்தச் செயலும் செய்ய அவருக்கு உரிமையும் இல்லை. ஆலங்கட்டி விழுந்தது ஏப்ரல் 9. ஆகவே அதை அனுமதியில்லாத வெளியாள் ஒருவர் செய்திருக்கிறார். வெளியாள் அத்துமீறிச் செய்த நாசத்துக்கு இழப்பீடு உண்டு: தங்கள் பாலிசி, பக்கம் 14. இணைப்பு: ஏற்கெனவே அனுப்பியது. இப்படிக்கு, வெர்லீன் டிட்வெல்.’

காப்பீட்டுக்காரர்கள் மூன்று வாரம் யோசித்தார்கள். கவுண்டியின் முத்திரை குத்திய உத்தரவை மறுத்துப் பேச அவர்களுடைய வக்கீல்களில் ஒருவரும் முன்வரவில்லை. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி காசோலை வந்தது. அதன் அடியில், ‘அத்துமீறி நுழைந்தவர் விளைவித்த நாசம்’ என்று காரணம் அச்சாகியிருந்தது. வெர்லீன் அந்த வரியைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டே வங்கிக்குப் போனாள்.

அக்டோபர் மழைக்கு இரண்டு நாள் முன்னால் கூரை வேலை முடிந்தது. நெல்டாவின் கட்டில் படுக்கையறைக்குத் திரும்பியது. அறுபது ஊழியர்களுக்கு அனுமதி கிடைத்து, ஃபிப்ஸின் அலுவலகம் பக்கத்துக் கட்டடத்துக்கும் பரவியது.

பிப்ரவரியில் படிவம் வந்தது. மேலும் எளிமைப்படுத்தியிருந்தார்கள், ஒன்பது பக்கம். வெர்லீன் நெல்டாவைச் சாட்சியாகப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பூர்த்தி செய்தாள். ஒன்பதாம் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள். பேனா அதன் பக்கத்திலேயே துடித்துக்கொண்டு நின்றது.

“அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா?” என்றாள் நெல்டா.

“வாய மூடு.”

உறையை ஒட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், தபால் பெட்டியில் வைத்து, மூடியை அழுத்திச் சாத்தி, தபால்காரர் எடுத்துப் போவதற்கு அடையாளமாக அதன் சிவப்புக் கொடியை நிமிர்த்தினாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு புதுக் கூரையை அண்ணாந்து பார்த்து, உதடு மட்டும் அசைய, சொன்னாள்:

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

“ஆமென்!” என்று கத்தினாள் நெல்டா, தன் வாசலிலிருந்து.

“உஷ்! காதுல விழுந்துடப் போகுதுடி!”

“யாரு காதுல?”

வெர்லீனின் விரல் மெயின் தெருக் கோடியில், ஏசி உறுமிக்கொண்டிருந்த கவுண்டிக் கட்டடத்தின் பக்கம் நீண்டது.